வலி மாத்திரை

பெங்களூர் காக்ஸ் டவுனில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. உழைத்தே முதுமை அடைந்தவர்கள் அங்கே பலர். பாத்திரம் தேய்த்த கை வலிக்கிறது. மூட்டை சுமந்த முதுகு வலிக்கிறது. மருத்துவரிடம் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் சிலர் நேரே மருந்துக்கடைக்குப் போகிறார்கள். பழைய மாத்திரை அட்டையைக் காட்டி, "இதையே கொடுங்கள்" என்கிறார்கள்.

இதில் என்ன ஆபத்து?

வலி மாத்திரைகள் எல்லாம் ஒன்றல்ல. பாரசிட்டமால் ஒரு வகை. டிரமடால் வேறு வகை. கசகசாச் செடியின் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். டிரமடாலை ஆலையில் செய்கிறார்கள். ஆனாலும் அது உடம்பில் அபினைப் போல வேலை செய்கிறது. சில இருமல் மருந்துகளில் உள்ள கோடீனும் இந்த வகைதான்.

முதலில் ஒரு மாத்திரையில் வலி அடங்கும். நாள் ஆக ஆக ஒன்று போதாது. இரண்டு வேண்டும். போடாத நாளில் உடம்பு முறிக்கும். வியர்க்கும். தூக்கம் வராது. வயிற்றுப்போக்கு ஆகும். "வலி கூடிவிட்டது" என்று மறுபடியும் மாத்திரை போடுவார்கள். பழகிய உடம்பு மருந்தைக் கேட்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது.

வயதானவர்களுக்கு ஆபத்து அதிகம். தலை சுற்றி விழலாம். எலும்பு முறியலாம். மதுவோடு அல்லது தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். "வயதாகிவிட்டது, தூங்கி வழிகிறார்" என்று வீட்டார் விட்டுவிடக் கூடாது.

2018 ஏப்ரலில் மத்திய அரசு டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்பது குற்றம்.

இந்தப் பழக்கம் ஒரு நோய். வெட்கப்பட வேண்டாம். பெரியவர்களைத் திட்டவும் வேண்டாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைப்பார். வலிக்கும் வேறு வழி சொல்வார். ஓசூர் ரோட்டில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவு உண்டு. 14446 என்ற எண்ணில் கட்டணம் இல்லாமல் ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மறக்கக் கூடாது. புற்றுநோய் வலிக்கு மருத்துவர் மார்பின் கொடுத்தால் பயப்பட வேண்டாம். அவர் சொன்ன அளவில் சாப்பிடலாம்.

சிந்திப்போம்
1. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள்? அட்டையில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள்.
2. அதை எழுதிக் கொடுத்தவர் யார்?
3. எத்தனை நாள் சாப்பிடச் சொன்னார்?