பிழை எங்கே?

இணையவழியே பலர் கூடி ஆடும் விளையாட்டுகளில், ஆட்டத்தின் நடுவே, ‘சேவையகத்தோடு தொடர்புகொள்ள இயலவில்லை’ என்னும் வரி திரையில் தோன்றுவதுண்டு. சேவையகம் என்பது தொலைவிலிருந்து ஆட்டத்தை நடத்தித் தரும் கணிப்பொறி. வரியைக் கண்டவுடன் நாம் வீட்டிலுள்ள மோடத்தை அணைத்து, மீண்டும் இயக்குகிறோம். அது தவறன்று, அருகிலுள்ளதை முதலில் ஆராய்வதே முறை. ஆயினும், பிற இணையத்தளங்கள் தடையின்றித் திறக்குமாயின் மோடத்தின்மீது பழி சுமத்துவதிற் பயனில்லை. பிழை பெரும்பாலும் அப்பால் உளது. அப்பால் இருப்போர்க்கும் அஃது எளிதிற் புலப்படுவதில்லை.

2021 அக்டோபர் 28 அன்று, அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த ரோப்லாக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டுக் களம் தடுமாறத் தொடங்கிற்று. அந்நாளில் நாள்தோறும் ஏறத்தாழ 5 கோடிப் பேர் கூடிய களம் அது. மூன்று மணி நேரத்தில் ஆடுவோர் தொகை வழக்கத்திற் பாதியாயிற்று.

அந்நிறுவனத்திடம் 18,000-க்கும் மேற்பட்ட சேவையகங்கள் இருந்தன. எந்தப் பணி எங்கே நடக்கிறது என்பதை மற்றப் பணிகளுக்கு அறிவித்து வந்தது கான்சல் என்னும் மென்பொருள். ஊருக்கு முகவரிப் பட்டியல் எப்படியோ, அப்படி. அது தளர்ந்தமையால் யாவும் தளர்ந்தன.

பொறி பழுதுற்றது போலும் என்று பொறியாளர் முதலிற் கருதினர். ஒரு பொறியை மாற்றினர். பயனில்லை. பின்னர், கணக்கிடும் உறுப்புகள் 64 கொண்ட பொறிகளை நீக்கி, 128 கொண்டவற்றை அமைத்தனர். அப்பொழுதும் சீர்படவில்லை. பழுது நேர்வதற்கு முன்பிருந்த பதிவை மீட்டு வைத்தனர். சிறிது நேரம் நன்கு இயங்கியது. பணிகள் திரும்பியதும் மீண்டும் தளர்ந்தது. இவற்றிற்கெல்லாம் மேலாக ஓர் இடர் இருந்தது. பிழையைக் காட்ட வேண்டிய கண்காணிப்புக் கருவிகளுட் பலவும் கான்சலையே நம்பியிருந்தன. வைத்தியரும் நோயாளியோடு படுத்துவிட்டாற் போன்ற நிலை அது!

உண்மையான காரணம் யாது? வேலைச்சுமையைக் குறைப்பதற்கென்றே கான்சலில் ஒரு புதிய வசதி அமைக்கப்பட்டிருந்தது. சில திங்களாகச் சில பணிகளில் அது குறையின்றி இயங்கிற்று. அதனால் ஐயம் அதன்மேற் செல்லவில்லை. அக்டோபர் 27 அன்று மற்றொரு பெரும் பணிக்கும் அதனை விரித்தனர். படித்தலும் எழுதுதலும் ஒருங்கே மிகுந்தபோது, செய்திகள் குறுகிய வாயில் ஒன்றில் முட்டி மோதின. உறுப்புகள் மிகுந்த புதிய பொறிகளில் அந்நெரிசல் இன்னும் கூடிற்று. மருந்தெனத் தந்ததே நோயை வளர்த்தது.

30ஆம் நாள் பிற்பகல் அவ்வசதியை நிறுத்தினர். கான்சல் வேகம் பெற்றது. சேமிப்பு மென்பொருளில் வேறொரு குறையும் இருந்தது. அதற்கும் ஒரு வழி கண்டனர். எனினும், கதவை ஒரேயடியாகத் திறக்க அவர்கள் துணியவில்லை. 31ஆம் நாள் காலை, ஆடுவோருட் சிறு பகுதியினரை மட்டும் உள்ளே விட்டனர். சுமையை அளந்து பார்த்தனர். பின்பு பத்தில் ஒரு பங்காகக் கூட்டினர். எல்லாரும் உள்ளே வந்து சேர்ந்தபோது 73 மணி நேரம் கழிந்திருந்தது.