ஷாம்புவும் அதன் உட்பொருள்களும்

நுரை மிகுந்தால்தான் தலை தூய்மையாகும் என்பது பலருடைய எண்ணம். ஆதலின் நுரை பொங்கும்வரை ஷாம்புவை மேன்மேலும் ஊற்றுகிறார்கள். பின்னர், தலைத்தோல் வறண்டு அரிக்கிறதென்று வருந்துகிறார்கள். உட்பொருள்களின் இயல்பை அறிந்தால் இத்துன்பத்தைத் தவிர்க்கலாம்.

தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசை நீரில் கரைவதில்லை. ஷாம்புவிலுள்ள அழுக்கு நீக்கும் பொருளின் ஒவ்வொரு மூலக்கூற்றிலும் ஒரு முனை நீரை நாடும். மறுமுனை எண்ணெயை நாடும். எண்ணெயை நாடும் முனைகள் பசையைச் சூழ்ந்து அதனை நுண்ணிய உருண்டைகளாக்க, நீர் அவற்றை அடித்துச் செல்கிறது. சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சப்போனின் என்னும் பொருளும் இவ்வேலையையே செய்கிறது. நுரை என்பது காற்று கலந்த வெறும் குமிழிகளே. தூய்மைக்கு அது அளவுகோல் அன்று.

சோப்பும் இவ்வாறே அழுக்கை நீக்குமெனினும், அதன் கரைசல் காரத்தன்மை வாய்ந்தது. பிஎச் மதிப்பு பெரும்பாலும் 9 முதல் 10 வரை இருக்கும். தலைத்தோலின் மதிப்போ ஏறக்குறைய 5.5 ஆகும். காரம் படுவதால் மயிரிழையின் மேற்செதில்கள் விரிந்து, மயிர் சொரசொரப்பாகிச் சிக்குண்கிறது. அன்றியும், உப்பு நீரிலுள்ள கால்ஷியமும் மக்னீஷியமும் சோப்புடன் கூடி, வெண்ணிறப் படிவாக மயிரில் ஒட்டிக்கொள்ளும்.

இனி, புட்டியின் மேலுள்ள பட்டியலைக் காண்போம். உட்பொருள்கள் பெரும்பாலும் அளவில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். முதலில் நீர், அடுத்து அழுக்கு நீக்கும் பொருள்கள். இவற்றுள் ஸோடியம் லாரில் ஸல்பேட் கடுமையானது. தோல் எரிச்சலை ஆராயும் சோதனைகளில் இதனையே ஒப்பீட்டுப் பொருளாகக் கொள்வர். ஸோடியம் லாரெத் ஸல்பேட் அதனினும் மென்மையானது. டெஸில் குளுகோஸைடு, கோகமிடோபுரோபைல் பீட்டெயின் ஆகியவை மேலும் மென்மையானவை. ஸல்பேட்டுடன் பீட்டெயினைக் கலந்தால் அதன் கடுமை தணியும். எனவே ஒரு பெயரை மட்டும் கண்டு முடிவு செய்தல் பொருந்தாது.

நீர் மிகுந்த பொருளில் கிருமிகள் பெருகாமலிருக்கப் பாதுகாப்புப் பொருள் இன்றியமையாதது. எனினும், மெத்தில் ஐஸோதையஸோலினோன் போன்ற சிலவும், நறுமணப் பொருள்களும் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். அத்தகையோர் மணமூட்டப்படாதவற்றைத் தேர்தல் நலம். ‘மூலிகை’ என்னும் சொல் மட்டும் மென்மைக்குச் சான்றாகாது. சீயக்காய்த் தூளும் கண்ணில் பட்டால் எரியவே செய்யும்.

ஷாம்புவைச் சிறிதளவே எடுத்து நீரில் கலந்து, தலைத்தோலில் மெல்லத் தேய்த்து, எச்சமின்றி அலசுதல் வேண்டும். எண்ணெய் தேய்த்த தலையில் முதன்முறை நுரை குறைவாகவே எழும், அது குறையன்று. ஷாம்புவை மாற்றியும் அரிப்பு நீங்காவிடில் மருத்துவரை நாடுக. விலையையும் நுரையையும் விட, பட்டியலில் உள்ள நான்கைந்து பெயர்களே நமக்குத் தக்க வழிகாட்டிகளாகும்.