டி.வி.யைப் பார்த்து கரண்டு வேலை செய்யலாமா?



வீட்டைப் பழுது பார்ப்பது எப்படி, புதுப்பிப்பது எப்படி என்று காட்டும் நிகழ்ச்சிகள் இப்போது டி.வி.யிலும் கைபேசியிலும் நிறைய வருகின்றன. அவற்றில் பல அமெரிக்காவில் எடுக்கப்பட்டவை. வர்ணம் அடிப்பது, அலமாரி செய்வது, தரை போடுவது என்று அவற்றில் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. ஆனால் கரண்டு வேலையை அப்படிப் பார்த்துச் செய்யக் கூடாது. வர்ணம் சரியில்லை என்றால் மறுநாள் மறுபடி அடிக்கலாம். கரண்டில் கை தவறினால் மறுநாள் என்பதே இல்லாமல் போகலாம்.

திரையில் வராதது என்ன?

'திஸ் ஓல்ட் ஹவுஸ்' என்ற அமெரிக்க நிகழ்ச்சி 1979-இல் தொடங்கியது. அதில் மின் வேலைக்கு அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனையே அழைக்கிறார்கள். நல்ல வழக்கம்தான். ஆனால் பல நாள் வேலையை அரை மணி நேரத்துக்குள் சுருக்கும்போது, மெயினை அணைப்பதும், கரண்டு இல்லை என்று சோதிப்பதும், வேலை முடிந்தபின் அதிகாரி வந்து பார்ப்பதும் பெரும்பாலும் வெட்டில் போய்விடுகின்றன. மிஞ்சுவது ஸ்குரு டிரைவரைத் திருப்புகிற காட்சி. பார்க்கிறவர், "இவ்வளவுதானா, நமக்கு வராதா?" என்று நினைத்துவிடுகிறார்.

1991 முதல் 1999 வரை வந்த 'ஹோம் இம்ப்ரூவ்மென்ட்' என்ற நகைச்சுவைத் தொடரின் கதாநாயகனே வீட்டுப் பழுது நிகழ்ச்சி நடத்துகிறவன். அவனுக்கு ஷாக் அடிப்பது அதில் ஒரு சிரிப்பு. தூக்கி எறியப்படுவான், பிறகு எழுந்து நிற்பான். அதைப் பார்க்கும் குழந்தைக்கு ஷாக் என்பது வேடிக்கையாகப் படும்.

உண்மையில் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

சுமார் 10 மில்லியாம்பியர் மின்சாரம் பாய்ந்தாலே கைத்தசை இறுகி, பிடித்த கம்பியை விட முடியாமல் போகலாம். 30-க்கு மேல் போனால் மூச்சு திணறும். 100 மில்லியாம்பியர் இதயத்தின் வழியாகச் சென்றால், இதயம் துடிப்பதை விட்டுத் துள்ளித் தடுமாறி நின்றுவிடக்கூடும்.

ஒரு 60 வாட் குண்டு பல்பு எடுப்பது சுமார் 260 மில்லியாம்பியர். ஒரு பல்பு எரியத் தேவையான கரண்டு ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். "ஃபியூஸ் இருக்கே, அது காப்பாத்தாதா?" என்று கேட்கலாம். காப்பாற்றாது. 5 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் 5,000 மில்லியாம்பியர். அது வயரைக் காக்க வைத்தது, ஆளைக் காக்க அல்ல.

அந்த நாட்டு வயர் வேறு, நம் வீட்டு வயர் வேறு

அமெரிக்க வீடுகளில் பிளக்குகளுக்கு வருவது 120 வோல்ட். அதுவும் உயிரைக் குடிக்கும். நம் வீடுகளில் வருவது 230 வோல்ட். அதே உடம்பில் ஏறத்தாழ இருமடங்கு கரண்டு பாயும்.

அங்கே 1975 முதல் புதிய வீடுகளின் குளியலறைப் பிளக்குகளில், சுமார் 5 மில்லியாம்பியர் கசிந்தாலே தானாக அணைந்துவிடும் சாதனம் கட்டாயம். நம் பழைய வீடுகள் பலவற்றில் அத்தகைய காவல் எதுவும் கிடையாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது வயரின் நிறம். அமெரிக்காவில் கறுப்பு வயரில்தான் கரண்டு வரும், வெள்ளை நியூட்ரல். நம் நாட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகியவை கரண்டு வரும் வயர்கள், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். அங்கே காட்டியபடி கறுப்பு வயரைச் சுவிட்சில் கொடுத்தால் என்ன ஆகும்? சுவிட்சைப் போட்டால் விளக்கு எரியும், அணைத்தால் அணையும். எல்லாம் சரியாகவே தோன்றும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்டு நிற்கும். ஆறு மாதம் கழித்து பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிற உங்கள் மனைவியோ மகனோ அதைத் தொடுவார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

1. வயரிங், சுவிட்ச், பிளக் பாயிண்ட் வேலைகளுக்கு அரசு உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனையே அழையுங்கள்.

2. பல்பு மாற்றுவதானாலும் மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் மெயினை அணைத்தாலும் சில லைன்களில் கரண்டு இருக்கும். அதையும் அணைக்க வேண்டும்.

3. டெஸ்டர் எரியவில்லை என்பதால் கரண்டு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். டெஸ்டரே கெட்டிருக்கலாம்.

4. பிளக் இல்லாமல் வயர் முனையைத் துளையில் சொருகி, தீக்குச்சி வைத்து இறுக்குவதை இன்றோடு விடுங்கள்.

5. கசிவு ஏற்பட்டால் தானே அணையும் 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. சாதனத்தைப் பொருத்தச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஷாக் அடித்துவிட்டால்

பதறி ஓடிப்போய்த் தொடாதீர்கள். இரண்டு உயிர் போகும். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ ஆளை விலக்குங்கள். தெருக்கம்பி அறுந்து விழுந்திருந்தால் கிட்டவே போகாமல், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள்.

உடனே 108-ஐ அழையுங்கள். நினைவின்றி, மூச்சும் இல்லாவிட்டால், நடுமார்பில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம் அமுங்க வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து "ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். வெளியே சிறு தீப்புண்ணாகத் தெரிவது உள்ளே பெரிதாக இருக்கலாம். இதயத் துடிப்பையும் சோதிக்க வேண்டும்.

இன்று மாலை குடும்பத்தோடு டி.வி. பார்க்க உட்காரும்முன் ஒரு காரியம் செய்யுங்கள். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி அணைப்பது என்று வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும் காட்டிக் கொடுங்கள்.