கட்டடமும் மின்மானியும்

கட்டடமொன்று எழுமுன், அஃது ஆண்டுதோறும் எவ்வளவு சக்தியைச் செலவிடும் எனப் பொறியியலாளர் கணித்துரைப்பது வழக்கம். மக்கள் குடிபுகுந்தபின் அக்கணிப்பு மெய்யாயிற்றா என வினவுவோர் மிகச் சிலரே. பிரித்தானியாவில் 1995 முதல் 2002 வரை நிகழ்ந்த 'புரோப்' ஆய்வுகள் அவ்வினாவை எழுப்பின. புதிய கட்டடங்கள் பல, கணித்ததினும் மிகுந்த சக்தியைச் செலவிடுதல் அவற்றாற் புலனாயிற்று.

இவ்வேறுபாட்டிற்குக் காரணங்கள் பல. கணிப்பிற் சேராத கருவிகள் பின்னர் வந்து சேர்கின்றன. ஆளில்லா வேளையிலும் விளக்குகள் எரிகின்றன, குளிரூட்டிகள் ஓடுகின்றன. ஓரறையை ஒரே பொழுதிற் சூடாக்கவும் குளிர்விக்கவும் முயலும் பிழையான கட்டுப்பாடுகளும் உள.

அளவிடும் முறை எளிது. மின்மானியின் ஓர் அலகு ஒரு கிலோவாற்று மணித்தியாலம். ஆண்டொன்றிற் செலவான அலகுகளைத் தளப்பரப்பால் வகுத்தல் வேண்டும். 2,000 சதுர மீற்றர் கொண்ட கட்டடம் 300,000 அலகும், 1,000 சதுர மீற்றர் கொண்ட மற்றொன்று 200,000 அலகும் செலவிடுவதாகக் கொள்வோம். முன்னையது சதுர மீற்றருக்கு 150 அலகு. பின்னையது 200 அலகு. கட்டணம் மிகுதியாகச் செலுத்தும் கட்டடமே ஈண்டுச் சிக்கனமுடையதாதல் காண்க.

எனினும், பயன்படும் நேரமும் தட்பவெப்பமும் ஒவ்வாத இரண்டினை ஒப்பிடுதல் முறையன்று. அவுஸ்திரேலியாவில் 1998இல் தொடங்கி, இன்று 'நபேர்ஸ்' என வழங்கும் தரப்படுத்தல் இவற்றிற்கும் இடங்கொடுத்து, பன்னிரு மாதச் செலவைக் கொண்டே ஆறு வரை நட்சத்திரம் வழங்குகின்றது. அலுவலகக் கட்டடத்தை விற்போரும் வாடகைக்கு விடுவோரும் அத்தரத்தை வெளிப்படுத்தல் வேண்டுமென 2010இல் அங்குச் சட்டம் பிறந்தது. அதனால், கட்டி முடிந்தபின் மானி காட்டும் அளவே தங்கள் கட்டடத்தின் மதிப்பைத் தீர்மானிக்கும் என்பதை உரிமையாளர் உணர்ந்தனர்.

கல்லூரிக்கு மண்டபம் எழுப்ப நிதி திரட்டும் பழைய மாணவர் இதனைச் சிந்தித்தல் நன்று. மண்டபம் அளிப்போர் ஒருமுறை கொடுக்கின்றனர். மின்கட்டணத்தைக் கல்லூரி மாதந்தோறும் கொடுக்கின்றது. மாலையிற் கதவடைக்கும் பொழுதும் மறுநாட் காலை திறக்கும் பொழுதும் மானியை வாசித்து எழுதிவருதல் மாணவர்க்கும் இயலும். இரவில் ஓடிய அலகுகள் எக்கருவியால் ஓடின எனத் தேடிக் காணலும் கூடும். ஆளிமாற்றொன்றைத் தாழ்த்துவதாற் பெறும் சேமிப்பிற்கு நிதி வேண்டுவதில்லை. புதுப்பொறி வாங்குமுன் பழைய மானியை வாசிப்போமாக.