கத்தியா, கரண்டா?

கேள்வி: அப்பாவுக்கு வயசு 71. கோபி பக்கம் ஊருங்க. கோயமுத்தூர் மில்லுல ப்ளோரூம், கார்டிங்னு வேலை பார்த்து ரிட்டையர் ஆனவரு. பீடி பழக்கம் இருந்துச்சு, போன வருசம்தான் விட்டாரு. இருமல் நிக்கலைன்னு ஸ்கேன் எடுத்ததுல வலது நுரையீரல் மேல் பாகத்துல 2.6 செ.மீ. கட்டி. பயாப்ஸில கேன்சர்னு வந்துடுச்சு. பெட் ஸ்கேன்ல வேற எங்கயும் பரவலை. நடு நெஞ்சுல ஒரு நெறிக்கட்டி மட்டும் லேசா மினுங்குது, பெருசா எடுத்துக்க வேண்டாம்னாங்க. ஊதுற டெஸ்ட்டுல 58 சதவீதம். ஒரு டாக்டர் ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாங்கறார். இன்னொருத்தர் அஞ்சு தடவை கரண்ட் வெச்சா போதுங்கறார். அமெரிக்காவுல இருக்கற அத்தை பையன், கரண்ட் வெச்சவங்கள்ல 95 சதவீதம், ஆபரேஷன் பண்ணுனவங்கள்ல 79 சதவீதம் பேர்தான் பிழைச்சாங்கன்னு ஒரு ஆராய்ச்சியை அனுப்பியிருக்கான். அப்பாவோ "கத்தி பட்டா பரவிரும், நான் வரல"ங்கறார். போன தைப்பூசத்துக்கு சென்னிமலைப் படியில பாதியிலயே உட்கார்ந்துட்டாருங்க. எதைச் செய்யறது டாக்டர்?

– பெயர் வேண்டாம், கோபிசெட்டிபாளையம்

பதில்: நான் நுரையீரல் மருத்துவன். வெட்டுபவனும் அல்ல, கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைப்பவனும் அல்ல. அதனால் இந்த வழக்கில் எனக்குக் கட்சி கிடையாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த நெறிக்கட்டியில், அதாவது நிணநீர்க் கணுவில், இருந்து ஆரம்பிக்கிறேன். பெட் ஸ்கேன் என்பது சர்க்கரையை யார் அதிகம் தின்கிறார்கள் என்று பார்க்கும் படம். புற்றும் தின்னும், டி.பி.யும் தின்னும், பழைய அழற்சியும் தின்னும். முப்பது நாற்பது வருசம் பஞ்சுத் தூசியையும் பீடிப் புகையையும் உள்ளே இழுத்தவரின் நடு நெஞ்சுக் கணு லேசாக மினுங்குவதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது வெறும் தூசிக் கணுவா, புற்று ஏறிய கணுவா என்பதைப் படத்தைப் பார்த்து யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயின் நுனியிலேயே அல்ட்ராசவுண்ட் இருக்கும். அதைப் பார்த்தபடி கணுவில் ஊசி குத்துவார்கள். 'ஈபஸ்' என்று கேளுங்கள். தையல் கிடையாது, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், அந்தக் கணுவில் புற்று இருந்தால் உங்கள் கேள்வியே மாறிவிடும். நோயின் கட்டம் ஏறிவிடும். மேல் மடலை மட்டும் வெட்டினாலும் போதாது, ஐந்து தடவை கரண்டும் போதாது. அந்தக் கரண்ட் கட்டியை மட்டும்தான் குறி வைக்கும், கணுவைத் தொடாது. அப்போது கீமோவும் ஆறு வாரக் கதிர்வீச்சும், அல்லது மருந்து கொடுத்துவிட்டு ஆபரேஷன் என்று வேறு பேச்சு. இந்தப் பரிசோதனைக்காக இரண்டு வாரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுவிடாது.

கணு சுத்தம் என்று வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அப்போது, உடம்பு தாங்கும் என்றால், ஆபரேஷன்தான் முதலில் என்பது இன்றைக்கும் பொதுவான நடைமுறை. கரண்டுக்குக் கட்டியை அழிக்கும் திறன் குறைவு என்பதல்ல காரணம். மேல் மடலை எடுக்கும்போது சுற்றியுள்ள கணுக்களையும் சேர்த்து எடுத்து லேபுக்கு அனுப்புகிறார்கள். எல்லா ஸ்கேனிலும் சுத்தம் என்று வந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது அங்கே ஒளிந்திருக்கும் புற்று தெரிய வருகிறது. தெரிந்தால் மேற்கொண்டு மருந்து கொடுக்கலாம். கரண்டில் கட்டி இருந்த இடத்திலேயே செத்துப்போகும். லேபுக்குப் போக எதுவும் மிஞ்சாது.

அத்தை பையன் அனுப்பியது 2015-ல் 'லான்செட் ஆன்காலஜி'யில் வந்த கட்டுரையாக இருக்கும். எண்கள் சரிதான். ஆனால் மொத்தம் எத்தனை பேர் என்று பார்த்தாரா? 58. கரண்ட் வைத்தவர்கள் 31, ஆபரேஷன் செய்தவர்கள் 27. முதல் குழுவில் ஒருவர் இறந்தார், இரண்டாவதில் ஆறு பேர். ஸ்டார்ஸ், ரோசெல் என்ற இரண்டு ஆய்வுகளுமே ஆள் சேராமல் பாதியில் நின்றவை. கத்தியா கரண்டா என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய எந்த ஊர் நோயாளிதான் சம்மதிப்பார்? இரண்டின் மிச்சத்தையும் கூட்டித்தான் அந்தக் கணக்கு. ஆபரேஷன் செய்யக்கூடியவர்களுக்கும் கரண்ட் நல்ல வழியாக இருக்கலாம் என்ற நம்பிக்கையை அது தருகிறது. அதைத் தாண்டி அதில் எதுவும் இல்லை. 58 பேரை வைத்து உங்கள் அப்பாவுக்குத் தீர்ப்பு எழுத மாட்டேன்.

இனி அவருடைய மூச்சுக்கு வருவோம். நுரையீரலை 19 துண்டுகளாகக் கணக்கு வைப்போம். வலது மேல் மடலில் மூன்று. அதை எடுத்தால் மிச்சம் 16. உங்கள் 58-ஐ 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்தால் 49. ஆபரேஷனுக்குப் பின் ஏறத்தாழ அவ்வளவு மூச்சு இருக்கும். 60-க்கு மேல் என்றால் யோசிக்காமல் அனுப்பலாம், 30-க்குக் கீழே என்றால் பெரிய ஆபத்து. அப்பா நடுவில் நிற்கிறார். அதோடு, ஊதுகிற டெஸ்ட் பாதிக் கதைதான். உள்ளே போன காற்று ரத்தத்தில் எவ்வளவு சேர்கிறது என்று பார்க்கும் டி.எல்.சி.ஓ. என்ற டெஸ்ட் எடுத்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பீடிக்காரர்களுக்கு முதல் எண் சுமாராக இருந்து இந்த எண் தரைமட்டமாக இருப்பதை நிறையப் பார்க்கிறோம்.

நடுவில் நிற்பவர்களைப் படி ஏறச் சொல்வோம். நிற்காமல் 22 மீட்டர் உயரம் ஏறிவிட்டால் தைரியமாக ஆபரேஷனுக்கு அனுப்பலாம். சாதாரணப் படி என்றால் சுமார் 140 படி. சென்னிமலையில் 1,320 படி; பாதி என்பது 660. அங்கே போய் உட்கார்ந்தவரைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்! முதல் தடவை எங்கே நின்றார், எத்தனை படிக்கு ஒரு தடவை நின்றார் என்பதுதான் எனக்கு வேண்டும். அம்மாவைக் கேட்டால் தெரியும். அதற்காக வீட்டு மாடியில் ஏற்றிப் பார்க்க வேண்டாம். விரலில் ஆக்சிஜன் கருவி மாட்டி, பக்கத்தில் ஆள் நின்று, ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியது அது.

கரண்ட் பக்கமும் ஒரு கேள்வி இருக்கிறது: கட்டி எங்கே இருக்கிறது? ஓரமாக இருந்தால் நல்லது. பெரிய மூச்சுக்குழாயில் இருந்து 2 செ.மீ.க்குள் இருந்தால் எச்சரிக்கை. அங்கே மூன்றே தவணையில் பெரிய டோஸ் கொடுத்தவர்களுக்குக் கடுமையான பாதிப்புகள் வந்ததை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2006-ல் எழுதினார்கள். அதன் பிறகு அந்த இடத்துக்கு ஐந்து, எட்டு என்று தவணையைக் கூட்டிப் பிரித்துக் கொடுக்கிறார்கள். விலா எலும்பை ஒட்டி இருந்தால் பின்னால் நெஞ்சு வலியோ விலா முறிவோ வரலாம்.

பழைய முறையில் ஒரு நாளுக்கு 2 கிரே வீதம் ஆறு வாரம் இழுத்ததை, இதில் ஓரிரு வாரத்தில் முடிக்கிறார்கள். ஒரே நாளில் 10 கிரே, சில சமயம் 18 கூட. அதனால் குறி தப்பக்கூடாது. மூச்சு விடும்போது கட்டியும் சேர்ந்து நகரும். அந்த நகர்வை முன்கூட்டியே ஸ்கேனில் படம் பிடித்து, உடம்புக்கு அச்சு செய்து, ஒவ்வொரு தடவையும் மெஷினிலேயே படம் எடுத்து சரிபார்த்த பிறகுதான் கரண்ட். வலிக்காது, ஆஸ்பத்திரியில் தங்க வேண்டாம், வீட்டில் இருந்தே போய் வரலாம். சில மாதம் கழித்து வறட்டு இருமல், மூச்சு வாங்கல் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். அது கதிர்வீச்சால் வரும் அழற்சியாக இருக்கலாம், மருந்து உண்டு. ஆபரேஷன் என்றால் ஒரு வாரம் படுக்கை, நெஞ்சில் டியூப், பீடி பிடித்த நுரையீரலில் காற்றுக் கசிவு நாள்கணக்கில் நீடிப்பது, பிசியோதெரபி.

ஆபரேஷன் தாங்காத 55 பேருக்கு இந்தக் கரண்டைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-ல் வந்தது. மூன்று வருடம் கழித்தும் 98 சதவீதம் பேருக்கு அந்தக் கட்டி திரும்ப வளரவில்லை. ஆனால் உயிரோடு இருந்தவர்கள் 56 சதவீதம். இதய நோய், நுரையீரல் நோய் என்று ஏற்கெனவே நலிந்தவர்கள் அவர்கள். சிலருக்கு வேறு இடத்தில் புற்று தலைகாட்டியது.

என் ஓட்டு இது. கணு சுத்தம், அதே மாதிரி 16-ஆல் பெருக்கி 19-ஆல் வகுத்த டி.எல்.சி.ஓ. கணக்கும் 40-க்கு மேல், படியும் ஏறிவிட்டார் என்றால் ஆபரேஷன். டி.எல்.சி.ஓ. கணக்கு 30-ஐ ஒட்டி வந்தால் கரண்ட், அதில் மனக்குறை வேண்டாம். இடையில் எங்காவது நின்றால் அப்பா சொல்வதுதான் முடிவு.

அதற்கு அவருடைய பயத்தை முதலில் தீர்க்க வேண்டும். கத்தி பட்டதால் புற்று பரவுவதில்லை. அந்தக் காலத்தில் முற்றிய பிறகு வந்தவர்களைத் திறந்து பார்த்து, ஒன்றும் செய்ய முடியாமல் தைத்து அனுப்பினார்கள். ஊருக்குத் திரும்பிய சில மாதத்தில் இறந்தார்கள். பழி கத்தி மேல் விழுந்தது. 1933-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் என்ற மருத்துவர், புற்று வந்த 48 வயது டாக்டர் ஒருவரின் இடது நுரையீரலை முழுதாக எடுத்தார். அந்த நோயாளி 1963 வரை வாழ்ந்தார். புகைப்பழக்கம் இருந்த கிரஹாம் 1957-லேயே நுரையீரல் புற்றால் இறந்துவிட்டார். இதை அப்பாவிடம் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

கோவையில் ஜி.கே.என்.எம்., பி.எஸ்.ஜி., கே.எம்.சி.எச்., ராமகிருஷ்ணா என்று புற்றுநோய்ப் பிரிவுள்ள மருத்துவமனைகள் இருக்கின்றன. எங்கே போனாலும், ஆபரேஷன் டாக்டரும் கரண்ட் டாக்டரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசும் ட்யூமர் போர்டில் அப்பாவின் கேஸை வைக்கச் சொல்லுங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது; ஸ்கேன் சி.டி.யையும் பயாப்ஸி பிளாக்கையும் கையோடு கொண்டுபோங்கள்.

செலவுக்கு, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. நீங்கள் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை, அந்த மருத்துவமனையில் அந்தத் திட்டத்தில் அடங்குகிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேசையில் முதலிலேயே கேளுங்கள். மில் தொழிலாளிக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. ஐந்து வருடமாவது இ.எஸ்.ஐ. பிடித்தம் செய்யப்பட்டு ஓய்வு பெற்றவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் மனைவியும் மருத்துவ வசதி பெறலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் அப்பாவின் பழைய அட்டையைக் காட்டி விசாரியுங்கள்.

ஈபஸ் முடிவும் டி.எல்.சி.ஓ. எண்ணும் கைக்கு வந்ததும் மறுபடி எழுதுங்கள்.