இடப்பக்கம் திரும்பினால் விடியும்

அன்புள்ள தம்பிக்கு,

அடுத்த வாரம் ஐந்தாம் வகுப்புக்கு இரவு பகல் பாடம் எடுக்கப்போவதாகவும், ஒரே பீரியடில் முடிந்துவிடும் என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

புத்தகத்தைத் திறக்கும் முன், இரவு ஏன் வருகிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடுகிறது என்பான் ஒருவன். நிலா வந்து மறைக்கிறது என்பாள் ஒருத்தி. பூமி சூரியனைச் சுற்றுவதால் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை சொல்லும். உடனே திருத்தாமல் எல்லாவற்றையும் கரும்பலகையில் எழுதிவையுங்கள். அந்தக் கடைசிப் பதிலில் பாதித் தவறு நம்முடையது. தன்னைத் தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது என்று இரண்டு அசைவுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிடுகிறோம். சுழல ஒரு நாள், சுற்றிவர ஓர் ஆண்டு என்று முதலிலேயே பிரித்துச் சொல்லுங்கள்.

பிறகு ஜன்னல்களைச் சாத்திவிட்டு, பிள்ளைகளின் முக உயரத்தில் ஒரு பல்பை எரியவிடுங்கள். ஒரு பிள்ளையை அழைத்து, "உன் தலைதான் பூமி, உச்சி வடக்கு, மூக்கு நம்ம ஊர்" என்று சொல்லுங்கள். பல்புக்கு முதுகு காட்டி நின்றால் நள்ளிரவு. அங்கிருந்து மெல்ல இடப்பக்கமாகத் திரும்பச் சொல்லுங்கள். இடது கண்ணோரத்தில் வெளிச்சம் எட்டிப்பார்க்கும். அதுதான் விடியல், அந்தப் பக்கம்தான் கிழக்கு. அப்போது இடது காதில் நண்பகல், வலது காதில் நள்ளிரவு. நமக்குப் பொழுது விடியும்போது நியூசிலாந்தில் உச்சிவேளை, லண்டனில் நடுராத்திரி என்பது இப்படித்தான்.

என் முதல் ஆண்டில் நான் பிள்ளையை வலப்பக்கம் திருப்பிவிட்டேன். "சார், அப்போ சூரியன் மேற்கேயா உதிக்கும்?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுமி கேட்டாள். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது என்று பலமுறை எழுதிப் போட்டிருந்த எனக்கு, அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

பல்பு பிள்ளையைச் சுற்றிவந்தாலும் இதேபோலத்தானே தெரியும் என்று யாராவது கேட்டால், அந்தப் பிள்ளையைத் தட்டிக்கொடுங்கள். உண்மையில் அப்படித்தான் தெரியும்; பல்பு நிரூபணம் ஆகாது. கி.பி. 499இல் ஆரியபட்டர், ஓடத்தில் போகிறவனுக்குக் கரை பின்னால் போவதுபோல, சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று விளக்கினார். பூமி சுழல்வதைக் கண்ணெதிரே காட்டியவர் இயற்பியலாளர் ஃபூக்கோ. 1851இல் பாரிஸின் பாந்தியோன் மண்டபத்தில் 67 மீட்டர் கம்பியில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு ஆட்டினார். அது ஆடும் திசை மெல்ல மெல்லத் திரும்பியது. அடியில் தரை சுழன்றுகொண்டிருந்ததுதான் காரணம். நிலநடுக்கோட்டில் தரை சுழலும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,670 கிலோமீட்டர். குலுக்கலோ நிறுத்தமோ இல்லாத சீரான ஓட்டம் என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாம் நாள் மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, மணிக்கொரு தரம் நிழலின் நுனியில் கல் வைக்கச் சொல்லுங்கள். பூமி சுழன்ற கணக்கைப் பிள்ளைகள் தங்கள் கையாலேயே எடுக்கட்டும்.

அதற்கு முன் இன்று மாலை நீங்கள் மொட்டைமாடிக்குப் போங்கள். மேற்கே பார்த்து நின்று, சூரியன் இறங்குகிறது என்று எண்ணாமல், காலடியில் நம் ஊர் மெல்லப் பின்னால் சாய்கிறது என்று எண்ணிப்பாருங்கள். ஒரு கணம் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொள்ளத் தோன்றும். அந்தக் கணத்தோடு வகுப்புக்குள் போங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்