வெயில் வேறு, வெளிச்சம் வேறு

வீடு கட்டும் பேச்சு எங்கே எழுந்தாலும் ஒரு வாக்கியம் காதில் விழுகிறது: “நம்ம ஊர்ல வெயிலுக்கா பஞ்சம்? பெரிய ஜன்னலா வெச்சா போதும், வெளிச்சத்துக்கு என்ன கணக்கு?” மேஸ்திரி சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம். படித்த பொறியாளர்களும் சொல்கிறார்கள். வானம் வெளுத்தால் அறை பளிச்சென்று இருக்கும், மேகம் வந்தால் இருண்டுவிடும் என்ற நம்பிக்கைதான் இதற்கு வேர். அது தவறு. நேர்வெயில் உள்ளே விழும் சில மணி நேரம் போக, மற்ற நேரமெல்லாம் அறைக்கு வெளிச்சம் தருவது அந்த ஜன்னலுக்குத் தெரிகிற வானத்துண்டும், எதிர்ச்சுவரும் தரையும் திருப்பி அனுப்பும் ஒளியும்தான். சென்னையில் டிசம்பர் நண்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் தெற்கே சுமார் 53 பாகை உயரத்தில் நிற்கிறது. நீலவானம் மிகவும் மங்கியிருப்பது சூரியனிலிருந்து ஏறக்குறைய 90 பாகை தள்ளிய இடத்தில். அதாவது வடக்கே சுமார் 37 பாகை உயரத்தில். வடக்கு ஜன்னல் பார்ப்பது சரியாக அந்தப் பகுதியைத்தான். அங்கே ஒரு வெண்மேகம் வந்து வெயிலை வாங்கி நின்றால், அறையில் வெளிச்சம் கூடும், குறையாது.

எதிர்வீட்டுச் சுவரில் வெயில் பட்டு உள்ளே தெறிக்காதா என்று கேட்பார்கள். தெறிக்கும். சுவர் வெள்ளையாக இருந்தால் நீலவானத்தைவிட அதிகமாகவே தரும். அடர்நிறம் பூசியிருந்தால் அந்த வரவு பெருமளவு போய்விடும். ஆக, இதுவும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய விஷயமே. வானம் முழுவதும் கருமேகம் மூடினால் நிலைமை வேறு. அப்போது உச்சிவானம் அடிவானத்தைவிட மூன்று மடங்கு பிரகாசம் என்று மூன், ஸ்பென்சர் என்ற ஆய்வாளர்கள் 1942-இல் வகுத்தார்கள். ஐரோப்பாவில் பரவிய பகல் ஒளி விகிதம், அதாவது வெளியே உள்ள ஒளியில் எத்தனை சதவீதம் அறைக்குள் வருகிறது என்ற கணக்கு, இந்த மூடிய வானத்தை வைத்தே அமைந்தது. நம் நாட்டுக்கு அது பொருந்தாது என்பதால்தான் இந்தியத் தர ஆவணம் ஐஎஸ் 2440, சூரியன் 15 பாகை உயரத்தில் இருக்கும் தெளிந்த வானத்தை அடிப்படையாகக் கொண்டு, வெளியே உள்ள ஒளியை 8,000 லக்ஸ் (ஒளியளவின் அலகு) என்று வைத்தது. விகிதம் 1 சதவீதம் என்றால் உள்ளே 80 லக்ஸ். இந்த எளிய பெருக்கலைக்கூடப் போடாமல் கட்டடம் எழுப்புவது பொறுப்பின்மை.

“மேகம் நொடிக்கு நொடி மாறுமே, முன்கூட்டி எப்படிச் சொல்வது?” என்பது நியாயமான கேள்வி. நாளை பத்து மணிக்கு மேசையில் எத்தனை லக்ஸ் என்று எவரும் சொல்ல முடியாது. ஆண்டில் எத்தனை மணி நேரம் 300 லக்ஸுக்குக் குறையாமல் இருக்கும் என்று சொல்லலாம். ட்ரெகென்சா என்ற ஆய்வாளர் 1983-இல் முன்வைத்த முறைப்படி வானத்தைத் துண்டுகளாகப் பிரித்து, வழக்கமாக 145, ஒவ்வொரு துண்டும் அறையின் ஒரு புள்ளிக்கு எவ்வளவு ஒளி தருகிறது என்பதை ஒரே ஒரு முறை கணக்கிட்டால் போதும். பிறகு ஆண்டின் 8,760 மணி நேர வானிலைப் பதிவிலிருந்து அந்தந்த நேரத்து வானத்தை அதில் பொருத்திக்கொண்டே போகலாம். கணினி நிமிடங்களில் முடித்துவிடும் வேலை இது.

தரைவரை கண்ணாடி வைத்தால் வெளிச்சம் கூடும் என்பதும் பொய். மேசை மட்டத்துக்குக் கீழே உள்ள கண்ணாடி மேசைக்குத் தருவது சொற்பம், வெப்பம்தான் மிச்சம். அறையின் உட்கோடிவரை ஒளி போக வேண்டுமென்றால் ஜன்னல் உயர வேண்டும். அந்த வேலையைச் செய்துவந்த வென்டிலேட்டரைப் பரணுக்காகவும் ஏசிக்காகவும் ஃபால்ஸ் சீலிங்குக்காகவும் அடைத்துவிட்டு, பட்டப்பகலில் டியூப்லைட் போடுகிறோம். அதைத் திறந்து வையுங்கள், கூரையின் அடிப்புறத்துக்கு வெள்ளையடியுங்கள்.